‘ரத்து’ என்ற ஒரே சொல் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அரசு ஒன்றை விதிக்கிறது. சில காலத்தின் பின் அதை எடுத்துவிடுகிறது. அல்லது நீதிமன்றம் அதை இல்லாமற் செய்கிறது. இச்செயல்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். சொல்லைத் தேர்வதற்கு முன் செயலைப் புரிந்துகொள்ள வேண்டியிருப்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: பத்திரிகையின் ஒரே பக்கத்தில் ஒரு சட்டம் ‘நீக்கப்பட்டது’ என்றும், ஒரு வர்த்தமானி அறிவித்தல் ‘இரத்துச் செய்யப்பட்டது’ என்றும், ஓர் ஆணையை நீதிமன்றம் ‘வலுவற்றதாக்கியது’ என்றும் செய்திகள் வருகின்றன. உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் என்னிடம், மூன்றும் ஒன்றுதானா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மூன்றும் வெவ்வேறு என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஒரு சட்டமோ ஆணையோ முடிவோ இல்லாமற்போனது என்று கேள்விப்பட்டவுடன் இரண்டு விடயங்களைக் கேட்டறிய வேண்டும். அதை இல்லாமற் செய்தவர் யார் என்பது முதலாவது. எந்த நாளிலிருந்து அது இல்லாமற்போனது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை தெரிந்தால் பொருத்தமான சொல் தானாக வந்து சேரும். விடை தெரியாதபோதுதான் எல்லாவற்றையும் ‘ரத்து’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

பாராளுமன்றம் தான் ஆக்கிய சட்டத்தை இன்னொரு சட்டத்தின் மூலம் தானே எடுத்துவிடுவதே ‘நீக்குதல்’. தமிழ்நாட்டுச் சட்ட மொழியில் இதனை ‘நீக்கறவு’ என்று எழுதுவதும் உண்டு. இலங்கையில் அச்சொல் வேரூன்றவில்லை. அண்மைக் கால உதாரணம் வேண்டுமானால், முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடும் வாகனமும் கொடுப்பனவுகளும் வழங்க வழிசெய்த 1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டெம்பரில் பாராளுமன்றம் அதனை நீக்கியது. நீக்கம் அன்றிலிருந்து முன்னோக்கியே செல்லும். சட்டம் உயிரோடிருந்த முப்பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களிடம் ‘சட்டந்தான் போய்விட்டதே, இதுவரை இருந்ததற்கு வாடகை கொடுங்கள்’ என்று எவரும் கேட்க முடியாது. இருந்த காலத்தில் அது சட்டமாகவே இருந்தது.

இரண்டாவது, ஓர் ஆணையைப் பிறப்பித்த அதிகாரியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இதனை ‘மீளப்பெறல்’ என்றோ ‘இரத்துச் செய்தல்’ என்றோ எழுதலாம். 2022 ஏப்ரல் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். 5ஆம் திகதி நள்ளிரவோடு அதனைத் தாமே இன்னொரு வர்த்தமானி மூலம் மீளப்பெற்றார். பிரகடனம் செய்தவரும் மீளப்பெற்றவரும் ஒருவரே. அவர் அதை மீளப்பெறாமலும், பாராளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்காமலும் விட்டிருந்தால், பதினான்கு நாட்களின் பின் அது ‘காலாவதி’ ஆகியிருக்கும். காலாவதி ஆவதற்கு எவருடைய கையொப்பமும் தேவையில்லை. ‘அவசரகாலம் ரத்தானது’ என்று மட்டும் ஒரு பத்திரிகை எழுதினால், ஜனாதிபதி பின்வாங்கினாரா, பாராளுமன்றம் மறுத்ததா, நாள் கடந்து அதுவாகவே ஓய்ந்ததா என்று வாசகருக்குத் தெரியாது. மூன்றும் மூன்று வேறு அரசியல் நிகழ்வுகள்.

மூன்றாவதே உங்கள் மாணவர்கள் ஆழமாகப் பார்க்க வேண்டியது. 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்துப் பிரகடனம் செய்தார். 2019 ஜனவரி 5ஆம் திகதி தேர்தல் என்றும் அறிவிக்கப்பட்டது. இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். நவம்பர் 13ஆம் திகதி நீதிமன்றம் இடைக்கால உத்தரவொன்றை வழங்கியது. அது பிரகடனத்தைக் கொல்லவில்லை, கட்டிவைத்தது; ஆகவே அதற்குரிய சொல் ‘இடைநிறுத்தல்’. கட்டிவைத்த அந்த உத்தரவின் பலத்தில் மறுநாளே பாராளுமன்றம் கூடியது. சரியாக ஒரு மாதத்தின் பின், டிசெம்பர் 13ஆம் திகதி, ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நான்கரை ஆண்டுகள் நிறைவடைவதற்கு முன் மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானமின்றிப் பாராளுமன்றத்தைக் கலைக்கும் தத்துவம் (அதிகாரம்) ஜனாதிபதிக்கு இல்லை என்று கூறி, அப்பிரகடனத்தை வலுவற்றதாக்கினார்கள். அதோடு நிறுத்தாமல், அது தொடக்கத்திலிருந்தே வெறிதானது, அதாவது சட்டப்படி இல்லாத ஒன்று, என்றும் வெளிப்படுத்தினார்கள்.

‘தொடக்கத்திலிருந்தே’ என்ற சொல்லில்தான் முழு விடயமும் இருக்கிறது. ஜனாதிபதியே டிசெம்பர் 13ஆம் திகதி பிரகடனத்தை மீளப்பெற்றிருந்தால், நவம்பர் 9ஆம் திகதி முதல் அன்றுவரை நாட்டில் பாராளுமன்றம் இருந்ததா, இடையில் அது கூடி நிறைவேற்றிய தீர்மானங்கள் செல்லுமா என்ற வழக்குகள் இன்றும் நடந்துகொண்டிருக்கக்கூடும். நீதிமன்றம் அதனைத் தொடக்கத்திலிருந்தே வெறிதாக்கியதால், சட்டத்தின் பார்வையில் பாராளுமன்றம் ஒரு மணித்தியாலமேனும் கலைக்கப்பட்டிருக்கவில்லை. இதே தீர்ப்பை ‘கலைப்பு ரத்து’ என்று இரு சொற்களில் தலைப்பிட்ட செய்திகளில் இந்தப் பொருள் வாசகருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஒரு சட்டத்தை நீக்கிய சட்டத்தையே பின்னர் நீக்கிவிட்டால், முதற்சட்டம் உயிர்பெற்று வந்துவிடுமா? நண்பர்களுக்குள் இதைப்பற்றி நீண்ட விவாதம் நடந்தது.
– சட்ட மாணவர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வராது. 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதனை நேராகவே சொல்கிறது. நீக்கிய சட்டம் நீக்கப்பட்டாலும், வெளிப்படையான ஏற்பாடு இல்லாதவிடத்து, முன்பு நீக்கப்பட்ட சட்டம் உயிர்த்தெழாது. அது வேண்டுமென்றால் பாராளுமன்றம் அதை மீண்டும் எழுத வேண்டும்.

உயர் பதவி நியமனங்களைப் பரிந்துரைக்கவும் அங்கீகரிக்கவும் வைக்கப்பட்ட அரசியலமைப்புப் பேரவையின் கதை இதற்குக் கண்கூடான சான்று. 2001இல் 17ஆவது திருத்தம் அதனை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவை என்ற பலங்குன்றிய ஓர் அமைப்பை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் மீண்டும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆவது அதை மறுபடியும் எடுத்தது. 2022 ஒக்டோபர் இறுதியில் சான்றுப்படுத்தப்பட்ட 21ஆவது திரும்பவும் வைத்தது. ஒவ்வொரு முறையும் ஏற்பாடுகளைச் சொல்லுக்குச் சொல் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ‘20ஐ ரத்துச் செய்தால் 19 தானாக வந்துவிடும்’ என்று மேடைகளில் பேசப்பட்டதைப் பலரும் நம்பினார்கள். அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் சில வரிகள் மாறின. மாறிய வரிகளை மக்கள் கவனிக்கவில்லை. என் மனதுக்கு அதுவே பெரிய இழப்பாகப் படுகிறது.

அதே 6ஆம் பிரிவில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் சட்டத்தரணியாகும்போது அன்றாடம் தேவைப்படப்போவது அதுதான். ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது நடைமுறையிலிருந்த காலத்தில் முறைப்படி செய்யப்பட்டவை, அக்காலத்தில் எய்திய உரிமைகள், இழைத்த தவறுகள், நீக்கும் நாளில் முடிவுறாமல் நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகிய எவையும் பாதிக்கப்படா. பாதிக்கப்பட வேண்டுமென்றால் நீக்கும் சட்டமே அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இறுதியில் வரும் வாசகர் ஒருவரின் கேள்விக்கு இது மிகவும் வேண்டியிருப்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையே நீதிமன்றம் ரத்துச் செய்கிறது. இங்கு ஏன் அப்படி நடப்பதில்லை?
– ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர், தெஹிவளை

பதில்: நீதிபதிகளின் துணிவைப் பற்றிய கேள்வியாக இதனைப் பார்க்க வேண்டாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி, சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமாகிவிட்ட ஒன்றின் வலுவை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் ஆராயக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டது. சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே உயர் நீதிமன்றத்தின் முன் செல்லலாம். அங்கும் நீதிமன்றம் சட்டமூலத்தை ரத்துச் செய்வதில்லை. இன்ன வாசகம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, இதை நிறைவேற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும், அல்லது மக்கள் தீர்ப்பும் (சர்வசன வாக்கெடுப்பும்) வேண்டும் என்று தீர்மானித்துச் சொல்கிறது. அதனைப் பத்திரிகைகள் ‘சட்டமூலத்தை நீதிமன்றம் நிராகரித்தது’ என்று எழுதும்போது உண்மை திரிந்துவிடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1972 வரை நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் இந்நாட்டுச் சட்டங்களை நீதிமன்றங்கள் வலுவற்றவை என்று கூறியதுண்டு. 1962 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கென்றே பாராளுமன்றம் இயற்றிய விசேட சட்டங்கள் நீதித்துறையின் தத்துவத்தில் தலையிடுகின்றன என்று அன்று நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1965இல் தீர்ப்பளித்தது. குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

தாங்கள் அரசாங்க ஊழியராக இருந்தவர் என்பதால் கோடீஸ்வரன் வழக்கு தங்கள் நினைவில் இருக்கும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் ஒருவர், அந்நிறுத்தத்துக்குக் காரணமான திறைசேரிச் சுற்றுநிருபத்தையும் அதற்கு அடிப்படையான 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தையும் (தனிச்சிங்களச் சட்டம்) எதிர்த்து வழக்காடினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்து, அச்சட்டம், பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக் கேள்வியைத் தொடாமலே, அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்கெதிராக (அரசுக்கெதிராக) வழக்காட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று சொல்லி, விடுபட்ட கேள்வியைத் தீர்க்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் இறுதி விடை சொல்லவில்லை. தனிச்சிங்களச் சட்டம் நீக்கப்படவும் இல்லை, வலுவற்றதாக்கப்படவும் இல்லை, வலுவுள்ளது என்று உறுதிசெய்யப்படவும் இல்லை என்ற நிலையில் ஒரு தலைமுறை அரச சேவையில் தேய்ந்து ஓய்ந்தது. இந்த நிலைக்கு எந்த மொழியிலும் ஒரு சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வடக்கு கிழக்கு இணைப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘இணைப்புச் சட்டத்தை நீதிமன்றம் ரத்துச் செய்தது’ என்று பலரும் எழுதுகிறார்கள். 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் எந்தச் சட்டத்தையும் ரத்துச் செய்யவில்லை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல்கள் ஓய்ந்தாலன்றி இணைப்புப் பிரகடனம் செய்யப்படக்கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அந்த நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியொன்றால் தளர்த்தி, 1988 செப்டெம்பரில் பிரகடனத்தை வெளியிட்டார். அப்படித் தளர்த்த அவருக்குத் தத்துவம் இருக்கவில்லை என்பதே தீர்ப்பு. வலுவற்றதாக்கப்பட்டவை ஒழுங்குவிதியும் பிரகடனமும். 37ஆம் பிரிவை நீதிமன்றம் தொடவில்லை. 2007 ஜனவரி 1ஆம் திகதி மாகாணங்கள் வேறாயின. தீர்ப்பு சரியா தவறா என்று வாதிடுபவர்கள் முதலில் எது போனது, எது எஞ்சியது என்று அறிந்துகொண்டு வாதிடுவது நல்லது.

இந்தியச் செய்திகளை வாசிக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவை. அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநிலத்துக்குரியது, அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நமக்கோ உயர் நீதிமன்றமே இறுதி.

கேள்வி: ‘ரத்து’ தமிழ்ச் சொல்லா? அதற்குப் பதிலாக வேறு சொல் எழுத வேண்டுமா?
– வாசகர், மருதானை

பதில்: அரபு மூலத்திலிருந்து உருது, இந்துஸ்தானி வழியாக வந்த சொல் அது. ‘வாபஸ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘இரத்து’ என்று எழுதுகிறோம். ‘விவாகரத்து’ இல்லாமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் இன்று பேச முடியாது. ஆகவே அச்சொல்லை விலக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சந்திப்பு ரத்து, புகையிரதச் சேவை ரத்து, விடுமுறை ரத்து என்று தாராளமாக எழுதலாம். சட்டம், நீதிமன்றம், அரச ஆணை என்று வரும்போது மட்டும் அதைவிடத் துல்லியமான சொல் கையில் இருக்கையில் அதை ஏன் விட வேண்டும்?

கேள்வி: 2020இல் கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று வந்த வர்த்தமானி பின்னர் ‘ரத்தானது’ என்று எங்கள் பள்ளிவாசல் ஆண்டு மலரில் எழுதியிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க விரும்புகிறோம்.
– மலர்க் குழு உறுப்பினர், வாழைத்தோட்டம்

பதில்: ‘திருத்தப்பட்டது’ என்று மாற்றுங்கள். 2020 ஏப்ரலில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி தகனத்தைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி அதைத் திருத்தி, தகனத்தோடு அடக்கத்துக்கும் இடமளித்தது. இடையில் எரிக்கப்பட்டவர்கள் தொடர்பில் அந்தத் திருத்தம் ஒரு வரியும் சொல்லவில்லை. ‘ரத்தானது’ என்று எழுதினால், அரசு தன் முன்னைய முடிவு பிழையென்று ஏற்றுக்கொண்டு முழுதாக எடுத்துவிட்டது போன்ற தோற்றம் வரும். இறந்தவர்களின் குடும்பங்கள் கையில் வைத்திருக்கப்போகும் மலர் அது. அங்கு நடந்தது நடந்தபடியே நிற்க வேண்டும்.

கேள்வி: பண்டா–செல்வா ஒப்பந்தம் ‘கிழித்தெறியப்பட்டது’ என்கிறோம். முறையான சொல் என்ன?
– வாசகர், வத்தளை

பதில்: 1957 ஜூலை 26ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட அது, சட்டமாகவோ வர்த்தமானியாகவோ ஒருபோதும் ஆகவில்லை. பிரதமர் பண்டாரநாயக்க, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் ஆகிய இரு தலைவர்களின் உடன்பாடாகவே இருந்து, 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, பிக்குகள் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்த நாளில், ஒரு தரப்பால் கைவிடப்பட்டது. ‘ஒருதலைப்பட்சமாகக் கைவிடப்பட்டது’ அல்லது ‘முறிக்கப்பட்டது’ என்று எழுதலாம். ‘ரத்து’ என்பதற்கு அங்கே இடமில்லை. ரத்துச் செய்ய ஒரு சட்ட ஆவணம் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் விட்டதே அன்றைய பலவீனம்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்தபோது உறவினர் ஒருவருக்குக் காணி தொடர்பாக அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தேன். இப்போது நிறுத்த வேண்டும். பத்திரிகை அறிவித்தலில் ‘வெறிதானது’ என்று போடச் சொல்கிறார் ஒருவர், ‘ரத்து’ என்று போடச் சொல்கிறார் இன்னொருவர்.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, அற்றோணித் தத்துவம் என்பது ஒருவர் தம் பெயரால் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம். தாங்கள் விரும்பிக் கொடுத்த அத்தத்துவத்தை இன்றிலிருந்து நிறுத்துகிறீர்கள். ஆகவே ‘இரத்துச் செய்து மீளப்பெறல்’ என்பதே பொருத்தம். ‘வெறிதானது’ என்று போட்டால், அது தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தாங்களே சொல்வதாகிவிடும். அப்படியானால் அந்த உறவினர் இதுவரை தங்கள் பெயரால் கட்டிய வரி, வாங்கிய வாடகை, போட்ட கையொப்பம் எல்லாம் கேள்விக்குள்ளாகும். ஏமாற்றியோ வற்புறுத்தியோ அது பெறப்பட்டிருந்தால் அது வேறு விடயம். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

அறிவித்தல் இப்படி அமையலாம்: ‘கொழும்பு பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இன்ன திகதியில் கைச்சாத்திடப்பட்ட இன்ன இலக்க அற்றோணித் தத்துவத்தை இன்று முதல் இரத்துச் செய்து மீளப்பெற்றுள்ளேன் என்பதையும், இதன்பின் எனது பெயரால் அவர் செய்யும் எக்கருமத்துக்கும் நான் பொறுப்பாளி அல்லேன் என்பதையும் இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசுக்கும் பொதுமக்களுக்கும் இத்தால் அறியத்தருகிறேன்.’ இதில் ‘இன்று முதல்’ என்ற இரு சொற்களை விட்டுவிடாதீர்கள். தத்துவம் பதியப்பட்டிருந்தால், இரத்தும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும். பத்திரிகை அறிவித்தல் மட்டும் போதாது. உறவினருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஒரு சட்டத்தரணியைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துமுடிப்பது பாதுகாப்பானது.

தங்கள் கடிதத்தின் அடியில், மகனுக்கு எழுதிய ‘மீளப்பெறமுடியாத’ நன்கொடை உறுதியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அறிவித்தலால் நிறுத்த இயலாது, நொத்தாரிசு முன் இன்னோர் உறுதி எழுதியும் நிறுத்த இயலாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெற்றவர் மிக மோசமாக நன்றி மறந்தார் என்று வழக்காடி, நீதிமன்றத் தீர்ப்பின் மூலமே அதனை இரத்துச் செய்விக்கலாம். அச்சட்டத்தில் காலவரையறை உண்டு. ஆகவே தாமதிக்காமல் ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: வழக்கு ‘தள்ளுபடி’, வழக்கு ‘கைவாங்கப்பட்டது’, வரி ‘விலக்கு’ – இவையும் ரத்துத்தானா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: இல்லை. தள்ளுபடி செய்வது நீதிமன்றம். கைவாங்குவது வழக்கைத் தொடுத்தவர். மேன்முறையீடு தள்ளுபடியானால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். வரிவிலக்கு என்றால் வரிச் சட்டம் முழு உயிரோடு இருக்கிறது, ஒரு சாராருக்கு மட்டும் அது பொருந்தாது. ‘வரி விலக்கப்பட்டது’ என்று எழுதி ‘வரி நீக்கப்பட்டது’ என்ற பொருளைக் கொடுப்பது பிழை.

கேள்வி: பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை ஒன்றுக்குத் தமிழில் மகஜர் எழுதுகிறோம். ‘ரத்துச் செய்’, ‘நீக்கு’, ‘வாபஸ் பெறு’ – எது சரி?
– பல்கலைக்கழக மாணவி, கொழும்பு

பதில்: ‘நீக்குக’ என்று எழுதுங்கள். மகஜர் பாராளுமன்றத்தை நோக்கியது. சட்டத்தை நீக்கும் தத்துவம் பாராளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அமைச்சர் ‘வாபஸ்’ பெறக்கூடியது சட்டமூலத்தைத்தான், சட்டத்தை அன்று. சட்டத்தின் முழுப் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பிடுங்கள்: 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அதனை 1982ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிரந்தரமாக்கியது. பெயரில் ‘தற்காலிக’ என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. 2022இல் வந்த திருத்தம் தடுத்துவைக்கும் உச்சக் காலத்தைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. நீக்கம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது திருத்தம்.

‘நீக்கி, அதற்குப் பதிலாக’ என்ற தொடரையும் கவனியுங்கள். 2018இலும் 2023இலும் அரசாங்கங்கள் முன்வைத்த சட்டமூலங்கள் பழைய சட்டத்தை நீக்கி வேறொன்றை அவ்விடத்தில் வைப்பவை; மனித உரிமை அமைப்புகளின் கடுமையான எதிர்ப்பும் அந்த ‘வேறொன்றை’ நோக்கியே எழுந்தது. உங்கள் கோரிக்கை நீக்கமா, பதிலீடா என்று குழுவுக்குள் முதலில் முடிவுசெய்து, அதை மகஜரின் முதல் வாக்கியத்திலேயே வையுங்கள்.

கொட்டாஞ்சேனை மாணவருக்குச் சொன்ன 6ஆம் பிரிவை இங்கு மறக்கக்கூடாது. சட்டம் நீக்கப்பட்டாலும் அதன் கீழ் நிலுவையிலுள்ள வழக்குகள் தாமாக முடிவடையா. விதிக்கப்பட்ட தண்டனைகளும் அழியா. வெறும் ‘நீக்குக’ என்ற கோரிக்கை நாளையே நிறைவேறினாலும், பூசாவிலும் மகசீன் சிறைச்சாலையிலும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த தாய்மார்களுக்கு அதனால் உடனே எதுவும் மாறாது. ஆகவே மகஜரில் தனிப்பந்தியாக இதையும் சேருங்கள்: ‘மேற்படி சட்டம் நீக்கப்படும்போது, அச்சட்டத்தின் கீழ் நிலுவையிலுள்ள தடுப்புக் கட்டளைகளும் குற்றப்பத்திரங்களும் முடிவுறுத்தப்படுவதற்கும், குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வழங்கப்பட்ட தீர்ப்புகள் மீளாய்வு செய்யப்படுவதற்கும், நீக்கும் சட்டத்திலேயே வெளிப்படையான ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.’ கையெழுத்துக்கு எடுத்துச் செல்லும் பிரதியில் இப்பந்தி முதற்பக்கத்தில் வரட்டும். பலர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமலே ஒப்பமிடுவார்கள்.